தாய்க்குலமும் லைனில் நிற்கும் பெண்ணும்: மகளிர் அணிகள் குறித்து ஒரு விமர்சனம்

1

கட்சிகளில் மகளிர் அணி எதற்கு இருக்கிறது? பெண்களை அரசியலுக்குக் கொண்டுவருவதற்கு என்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். கொண்டுவந்து எங்கே உட்கார வைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். தமிழில் 'அணி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். படை வரிசையும் அணிதான், நகையும் அணிதான். எந்தப் பொருளில் பெயர் வைத்தார்களோ தெரியாது. நடைமுறையில் இரண்டாவது பொருளே நிலைத்துவிட்டது. மேடைக்கு இரண்டு பெண்கள், வரவேற்புக்கு இருபது பெண்கள், மைதானத்தை நிரப்ப இரண்டாயிரம் பெண்கள். கட்சியின் கழுத்துக்கு ஒரு அட்டிகை.

இது பழைய குற்றச்சாட்டு. பெண்ணியவாதிகள் பல வருஷமாகச் சொல்லி வருவதுதான். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கேள்வி. மகளிர் அணி 'மகளிர்' என்று யாரைச் சொல்கிறது? இந்தக் கேள்வியை நான் வேலை செய்யும் வட்டாரத்தில், அதாவது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டை வழியில் நின்று கேட்கிறேன். இங்கே நின்று கேட்டால்தான் அதன் உள்குத்து தெரியும்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம். ஏரியும் வயலும் மேய்க்காலுமாக இருந்த பூமி. 1990களின் கடைசியில் ஹூண்டாய் வந்தது. 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். இன்றைக்கு இந்த வழியில் கார் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், செல்போன் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொன்னது. இந்தக் கணக்கை மேடையில் பெருமையாகச் சொல்லாத அமைச்சர் கிடையாது.

அந்தப் பெண்கள் யார்? திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர் என்று வட மாவட்டக் கிராமங்களிலிருந்தும், தெற்கே இன்னும் தூரத்திலிருந்தும் வருகிறவர்கள். வயது 19, 20, 22. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ படித்தவர்கள். நான் பேசிப் பழகியவர்களில் பலர் சேரியிலிருந்து வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்தவர்கள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள், மகள் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போகிறவள்.

இந்தப் பெண்ணுக்குக் கட்சியில் எந்த அணி? தொழிலாளி என்று பார்த்தால் தொழிற்சங்கப் பிரிவு இருக்கிறது. பெண் என்று பார்த்தால் மகளிர் அணி. பட்டியல் சாதி என்று பார்த்தால் ஆதிதிராவிடர் பிரிவு. மூன்று வாசல். தொழிற்சங்கத்துக்காரர், "பொம்பளைப் புள்ளைங்க நாலு வருஷத்துல கல்யாணம் ஆகிப் போயிடும்" என்கிறார். மகளிர் அணிக்காரர் கம்பெனிப் பிரச்சினையைத் தொழிற்சங்கத்திடம் கேட்கச் சொல்கிறார். ஆதிதிராவிடர் பிரிவுக்காரர் பட்டா, சுடுகாட்டுப் பாதை, கலர் டிவி காலத்துப் பாக்கி என்று ஊர்ப் பிரச்சினைகளோடு நிற்கிறார். மூன்று வாசலும் திறந்துதான் இருக்கின்றன. அவள் மட்டும் தெருவில் நிற்கிறாள்.

2

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 250 பேர் அளவுக்குப் பாதிக்கப்பட்டார்கள். 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். விடுதியில் நெரிசல், தண்ணீர் கிடையாது, அடுக்கி வைத்த மாதிரி படுக்கை. தோழிகளுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. செத்துப்போனார்கள் என்று பேச்சு பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து பேச வேண்டியிருந்தது. போலீஸ் பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது, ஆதரவாக வந்த தொழிற்சங்கத் தோழர்களையும் பிடித்தது. 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. ஆப்பிள் நிறுவனமே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாகச் சொல்ல நேர்ந்தது.

தமிழ்நாட்டுப் பெண்கள் சமீப காலத்தில் நடத்திய மிகப்பெரிய மறியல்களில் இது ஒன்று. இதைக் கூட்டியது எந்தக் கட்சியின் மகளிர் அணியும் இல்லை. செல்போன் செய்கிற பெண்கள் செல்போனில் பேசிக் கூடினார்கள். ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல், ரூமுக்கு ரூம், பஸ்ஸுக்கு பஸ் சேதி போனது. அமைப்பு இல்லாமல் இத்தனை பேர் கூடினார்கள் என்று பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. எனக்கு ஆச்சரியம் வேறு. மாவட்டம், ஒன்றியம், நகரம், பேரூர், கிளை என்று அடுக்கடுக்காக மகளிர் அணி வைத்திருக்கும் கட்சிகளுக்கு, தங்கள் ஒன்றிய எல்லைக்குள்ளேயே இத்தனை ஆயிரம் பெண்கள் குடியிருக்கிறார்கள் என்பது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

காரணம் அலட்சியம் என்று சொல்லி விட்டுவிட முடியாது. அது அமைப்பிலேயே இருக்கிறது. ஒருமுறை ஒரு ஹாஸ்டல் வாசலில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், தேர்தல் சமயத்தில் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "எதுக்குக்கா வருவாங்க? எங்க ஓட்டு ஊர்லல்ல இருக்கு" என்றாள். நான் படித்த எந்த அரசியல் கட்டுரையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நம் கட்சிகள் வாக்காளர் பட்டியலின் வடிவத்தில் கட்டப்பட்டவை. பாகம், வார்டு, கிளை, ஒன்றியம். கட்சி எப்படியோ மகளிர் அணியும் அப்படியே. ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கே உறுப்பினர் அட்டை. லைனில் நிற்கும் பெண்ணின் உடம்பு சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது, ஓட்டு செங்கத்தில் இருக்கிறது. அவள் இருக்கும் ஊரில் அவளுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கும் ஊரில் அவள் இல்லை. ஆகவே இரண்டு ஊர் மகளிர் அணிக்கும் அவள் இல்லாதவள். தொழிற்பேட்டைக்கு இது ரொம்ப வசதி. எந்த எம்.எல்.ஏ.வுக்கும் தேவைப்படாத ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்?

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நல்ல கட்டிடம். பழைய ஹாஸ்டல்களின் ஓட்டை பாத்ரூமைப் பார்த்தவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் போட்டது 2021 டிசம்பரில் ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 18,720 பெண்கள் என்றால் ஏழெட்டு ஊராட்சிக்குச் சமம். அங்கே ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது, கிராம சபை கிடையாது, எந்தக் கட்சிக்கும் கிளை கிடையாது.

3

மேடைப் பேச்சாளர்கள் பெண்களை எப்படி விளிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "தாய்மார்களே", "தாய்க்குலமே". எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இதுதான். பிறகு 'குடும்பத் தலைவி' வந்தாள். 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது எங்கள் காஞ்சிபுரத்தில்தான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போனது. எங்கள் சேரியில் அந்த ஆயிரம் ரூபாயில் கேஸ் வாங்குகிறார்கள், பிள்ளைக்கு நோட்டு வாங்குகிறார்கள். அதைப் 'பிச்சை' என்று கேலி செய்கிறவர்கள் பசி தெரியாதவர்கள். என் கவனம் விளியின் மீது. கட்சியின் கண்ணுக்குத் தெரிகிற பெண் தாய். ரேஷன் கார்டில் இருக்கிற, வீட்டில் இருக்கிற, ஓட்டுச் சாவடிக்குப் பக்கத்தில் இருக்கிற தாய்.

கம்பெனிக்கு வேண்டியது வேறு. சுங்குவார்சத்திரம் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விரிவாக எழுதியது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கல்யாணமானவள் கர்ப்பமாவாள், லீவு கேட்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள். ஆகவே கலியாணமாகாத பெண்தான் லைனுக்கு வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்சிக்குத் தாய்மார் வேணும், கம்பெனிக்குக் கலியாணமாகாத பொண்ணு வேணும். ஒரே பெண்ணை வயசை வைத்து இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கட்சியும் ஒரு பாதியைக் கம்பெனியும் எடுத்துக்கொண்டன. 20 வயதில் அவள் உழைப்பு இருக்கிறது, அரசியல் இல்லை. 30 வயதில் அவளுக்கு ஓட்டு மதிப்பு இருக்கிறது, வேலை இல்லை. இந்தப் பிளவைத் தைக்க வேண்டியது யார்? மகளிர் அணி என்று ஒன்று இருந்தால் அதற்கு இதைவிட வேறு என்ன வேலை?

4

ஓட்டு இருக்கிற பெண்கள் மட்டும் நன்றாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் சேரிகளின் கதை வேறு மாதிரி. நிலம் சிப்காட்டுக்குப் போனபோது பட்டா வைத்திருந்த ஊர்க்காரர்களுக்குப் பணம் வந்தது. அந்த நிலத்தில் நட்டவளுக்கு, அறுத்தவளுக்கு ஒன்றும் வரவில்லை. வேலை போனதற்கு எந்தச் சட்டத்தில் நஷ்ட ஈடு? அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பஞ்சமி நிலத்தின் பிறப்பிடம். கலெக்டர் திரமென்ஹீர் எங்கள் முன்னோர்களின் நிலையை 1891இல் எழுதி அனுப்பியதிலிருந்து வந்த நிலம் அது. அதை மீட்கப் போய்தான் காரணை விவகாரத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலத்தின் கதை அப்படி முடிந்த மண்ணில், நிலம் இழந்த சேரிப் பெண் இப்போது கம்பெனிக்குள் போகிறாள். ஹவுஸ்கீப்பிங் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, கான்ட்ராக்டர் கையில் தினக்கூலியாக. அம்மா பாத்ரூம் கழுவுகிற அதே ஆலையில் வெளியூர்ப் பெண் லைனில் நிற்கிறாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள், பேசிக்கொள்ள இடமில்லை.

இந்தச் சேரிப் பெண்ணுக்கு ஓட்டு இருக்கிறது. ஆகவே மகளிர் அணி அவளைத் தேடி வருகிறது. எப்படி வருகிறது என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு கட்சியின் மாவட்டக் கூட்டத்துக்கு எங்கள் பகுதியிலிருந்து பெண்களை வேனில் அழைத்துப் போனார்கள். புதுப் புடவை ஒரே நிறத்தில். சேரிப் பெண்களைக் கடைசி வரிசையில், பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்கார வைத்தார்கள். தலைவரை ஆரத்தி எடுத்து வரவேற்க ஊர்த்தெருப் பெண்கள். ஏன் எங்கள் பெண்களில் ஒருத்தி ஆரத்தித் தட்டு பிடிக்கக் கூடாது என்று நான் கேட்டேன். ஒன்றியப் பொறுப்பில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அதுக்கெல்லாம் தனியா ஆள் இருக்காங்கம்மா, நீங்க கோஷம் போடுங்க, உங்களுக்குத்தான் நல்லா வரும்" என்றார். வைததாகவே அவருக்குத் தெரியாது. பாராட்டியதாக நினைத்திருப்பார். எங்கள் பக்கத்து ஆயா ஒருத்தி திரும்பி வரும்போது சொன்னாள்: "ஆரத்தி எடுக்க அவளுங்க, தொண்டை கிழிய நாம. நடவுலயும் அப்படித்தான், வரப்புல நின்னு பார்த்தவ அவ, சேத்துல எறங்குனவ நான்."

ஆரத்தித் தட்டு எங்களுக்கு வேண்டும் என்று நான் இதைச் சொல்லவில்லை. அந்தத் தட்டே ஒழிய வேண்டும். சாதி ஒழிந்த இடம் என்று பெண்கள் அமைப்பை நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 'மகளிர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வேலைப் பிரிவினை அப்படியே இருக்கிறது. பொறுப்பு, மேடை, ஆரத்தி ஒரு பக்கம். கோஷம், வெயில், கூட்டம் இன்னொரு பக்கம். ஊரும் சேரியும் ஒரே புடவை கட்டி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

5

பதவிக் கணக்கையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுப் பெண்கள் அதிகாரத்துக்கு எந்த வாசல் வழியாக வந்தார்கள்? ஜெயலலிதா 1983இல் அ.தி.மு.க. கொள்கை பரப்புச் செயலாளராக வந்தார், மகளிர் அணி வழியாக வரவில்லை. சென்னைக்கு 2022இல் முதல் தலித் பெண் மேயர் கிடைத்தார் என்றால், அந்தப் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதால் கிடைத்தார். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்ததால் கட்சிகள் பெண்களைத் தேடின. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் என்ன நடந்தது? 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் ஜெயித்த பெண்கள் 12 பேர். ஐம்பது வருஷ மகளிர் அணிகளின் அறுவடை இதுதான்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதால் இந்த ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் அன்று யாருக்கு ஓட்டுக் கேட்க வந்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மரகதம் சந்திரசேகர். நேரு காலத்திலேயே துணை அமைச்சராக இருந்த தலித் பெண். 1984இலும் 1989இலும் 1991இலும் இந்தத் தொகுதியில் வென்றவர். தொகுதி தனித்தொகுதியாக இருந்ததால் அது நடந்தது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி பொதுத்தொகுதி ஆனது. 2009 முதல் 2024 வரை நடந்த 4 மக்களவைத் தேர்தல்களிலும் வென்றவர்கள் ஆண்கள்.  மகளிர் அணிகள் அதே இடத்தில் அப்படியே இருந்தன.

சத்தியவாணி முத்துவின் கதை இன்னும் பாடம். தி.மு.க.வின் ஆரம்ப காலத்திலிருந்து இருந்தவர். அவரும் கொள்கை விளக்கச் செயலாளராக இருந்து மேலே வந்தவர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் ஒரே பெண். பேச்சாளர், 'அன்னை' பத்திரிகை ஆசிரியர். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கட்சியில் நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி 1974இல் வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டார். ஒரு தலித் பெண் தனிக்கட்சி தொடங்கிய அந்தச் செயலை நம் அரசியல் வரலாறு எத்தனை வரியில் எழுதியிருக்கிறது? அந்தக் கட்சி நிலைக்கவில்லை, அ.தி.மு.க.வோடு இணைந்தது. நிலைக்காததை வைத்து அவரை அளக்கிறார்கள். ஏன் வெளியேற வேண்டியிருந்தது என்பதை வைத்துக் கட்சிகளை அளக்க வேண்டும்.

6

மகளிர் அமைப்பு என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று யாரும் கை கழுவ வேண்டாம். வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. அது நம்முடைய வரலாறு.

1942 ஜூலை 20 அன்று நாகபுரியில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை சுலோசனாபாய் டோங்ரே. 20,000க்கும் மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள். அம்பேத்கர் பேசினார். அந்த மாநாட்டின் தீர்மானங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வேண்டும். பலதார மணம் ஒழிய வேண்டும். ஆலை, பீடித் தொழில், நகராட்சி, ரயில்வே ஆகியவற்றில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, காயம்பட்டால் இழப்பீடு, ஓய்வூதியம் வேண்டும். ஆலைகளில் பெண்களை மேற்பார்வை செய்யப் பெண்களையே வைக்க வேண்டும். மாணவிகளுக்கு அரசு செலவில் விடுதி வேண்டும். சட்டமன்றங்களில் பெண்களுக்குத் தனி இடம் வேண்டும்.

எண்பது வருஷத்துக்கு முன்னால், எழுத்தறிவு மறுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் போட்ட தீர்மானம் இது. படுக்கையறை, ஆலை, விடுதி, சட்டமன்றம் நான்கையும் ஒரே தாளில் எழுதினார்கள். தொழிலாளி வேறு, பெண் வேறு, தாழ்த்தப்பட்டவள் வேறு என்று மூன்று அணியாக அவர்கள் தங்களை வெட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தலைமுறையின் தலைவர்களில் ஒருவரான ராதாபாய் காம்ப்ளே பஞ்சாலையில் வேலை செய்தவர். ஆலையில் நின்றவளே மேடையிலும் நின்றதால்தான் சூப்பர்வைசர் பிரச்சினை தீர்மானத்துக்குள் வந்தது. இன்றைக்கு எங்கள் பெண்கள் முதலில் சொல்லும் புகாரும் சூப்பர்வைசர் புகார்தானே!

தமிழ்நாட்டிலும் அந்தக் கண்ணி இருந்தது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானம் போட்டது. அதில் முன்நின்றவர்களில் ஒருவர் மீனாம்பாள் சிவராஜ். அவரே 1944இல் சென்னையிலும் 1945இல் பம்பாயிலும் அம்பேத்கர் முன்னிலையில் பட்டியல் சாதிப் பெண்கள் மாநாடுகளுக்குத் தலைமை ஏற்றார். தலைவருக்குப் பெயர் சூட்டும் இடத்தில் அன்று பெண்கள் இருந்தார்கள். இன்று தலைவர் அறிவிக்கும் பட்டியலில் தங்கள் பெயர் வருமா என்று காத்திருக்கிறார்கள். திராவிடக் கட்சிகளில் மகளிர் அணிச் செயலாளரை அணியிலுள்ள பெண்கள் தேர்ந்தெடுப்பதில்லை, தலைமைக் கழகம் அறிவிக்கிறது. பெயரைத் தலைமை கொடுத்தால் தீர்மானத்தையும் தலைமைதான் கொடுக்கும்.

இதன் விளைவு 2023இல் தெரிந்தது. ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தோழமைக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. அந்தப் பத்து நாளும் 12 மணி நேரம் யார் கால் வீங்கும் என்ற கணக்கு தொழிலாளர் கணக்காகவே பேசப்பட்டது. ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற பெண்ணுக்கு, மாதவிலக்கு நாளில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்ணுக்கு அந்த 12 மணி நேரம் என்பது என்ன என்று தனியாகப் பேச ஒரு மேடை இல்லை. அதே வருஷம் அக்டோபர் 14 அன்று சென்னை நந்தனத்தில் தி.மு.க. மகளிர் அணி நடத்திய மகளிர் உரிமை மாநாட்டுக்கு டெல்லித் தலைவர்கள் வந்தார்கள். நாடாளுமன்ற இட ஒதுக்கீடு பேசப்பட்டது. பேச வேண்டியதுதான். நந்தனத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர் இருக்குமா?

7

இதுவரை படித்துத் தலையாட்டிய நம் தோழர்களுக்கு இனிமேல்தான் கசக்கும்.

நம்முடைய இயக்கம் என்ன செய்தது? விடுதலைச் சிறுத்தைகள் 2021 சட்டமன்றத் தேர்தலில் 6 தொகுதிகளில் நின்றது. 6 வேட்பாளர்களும் ஆண்கள். 4 பேர் வென்றார்கள், மகிழ்ந்தோம். 2024 மக்களவைத் தேர்தலில் 2 இடம், 2 பேரும் ஆண்கள், அதிலும் வென்றார்கள், அதிலும் மகிழ்ந்தோம். அதே கட்சியின் மகளிர் அமைப்புக்குப் பெயர் மகளிர் விடுதலை இயக்கம். பெயரில் 'அணி' இல்லை, 'விடுதலை' இருக்கிறது. அந்தப் பெயருக்கு எங்களுக்கு மரியாதை உண்டு, அதனால்தான் கேட்கிறோம்.

2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் அந்த அமைப்பின் பெயரால் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடந்தது. கூட்டணித் தலைமையே சங்கடப்படும் என்று தெரிந்தும் நடத்திய மாநாடு. சாராயத்தால் தாலியறுத்த சேரிப் பெண்களின் கோரிக்கை அது, குறைத்துப் பேச முடியாது. ஆனால் பெண்கள் மாநாடு என்றால் ஏன் குடிகாரப் புருஷனின் பெண்டாட்டியாக மட்டும் அவளைக் கூப்பிடுகிறோம்? அதே நாளில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நான்காவது வாரத்தில் இருந்தது. சங்கம் வைக்கும் உரிமைக்கான போராட்டம். நம் தலைவர்களும் ஆதரவு தந்தார்கள். அது பெரும்பாலும் ஆண்களின் போராட்டம். ஆண் போராடினால் அது தொழிலாளர் பிரச்சினை, பெண் கூடினால் அது குடும்பப் பிரச்சினை. இந்தப் பாகுபாட்டைச் சாதி இந்துக் கட்சிகளிடமிருந்து நாம் ஏன் கடன் வாங்கினோம்?

இதைக் கேட்டால் வழக்கமான பதில் ஒன்று வரும். "வெளியே எதிரி நிற்கும்போது வீட்டுக்குள் சண்டை எதற்கு?" இந்த வாக்கியத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் போகட்டும், சாதியைப் பிறகு பார்க்கலாம் என்று காங்கிரஸ் சொன்னது. வர்க்கப் போராட்டம் முடியட்டும், சாதி தானாகப் போகும் என்று இடதுசாரிகள் சொன்னார்கள். அப்போதெல்லாம் அம்பேத்கரைக் காட்டிப் பதில் சொன்னோம். இன்று அதே வாக்கியத்தை நம் வீட்டுப் பெண்ணிடம் நாமே சொல்கிறோம். ஆண்டையிடம் கேட்ட கேள்வியைப் புருஷனிடம் கேட்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

இன்னொரு பதிலும் வரும்: பெண்கள் பொறுப்புக்கு வர மாட்டேன் என்கிறார்கள். உண்மைதான், வருவதில்லை. கூட்டம் ராத்திரி ஒன்பது மணிக்கு டீக்கடையில் நடந்தால் எப்படி வருவாள்? போஸ்டர் அடிக்கக் கைக்காசு போட வேண்டும் என்றால் எந்தக் காசைப் போடுவாள்? கட்சியை ஆண்களின் நேரத்துக்கும் ஆண்களின் பணத்துக்கும் ஏற்ப அமைத்துவிட்டு, பெண் வரவில்லை என்று புகார் சொல்வது, கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டு அவளுக்குத் தாகமே இல்லை என்பது மாதிரி.

8

மகளிர் அணிகளைக் கலைத்துவிடலாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலைத்தால் இருக்கிற ஒரு வாசலும் போகும். கட்சியின் கைக்கு வெளியே கொஞ்சமாவது சொந்தக் கால் இருக்கிற பெண்கள் அமைப்பு என்ன செய்யும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூனில் அங்கே அதிகாரிகள் கூட்டமாகப் புகுந்து 18 பெண்களைச் சீரழித்தபோது, மலைவாழ் மக்கள் சங்கமும் ஜனநாயக மாதர் சங்கமும் அந்தப் பெண்களை விடவில்லை. 2011 செப்டம்பர் 29இல் தண்டனை, 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்ற உறுதி. முப்பத்தோரு வருஷம். ஆரத்தி எடுக்கிற அணியால் இது முடியாது.

ஆகவே மூன்று விஷயங்களைப் பேச்சுக்கு வைக்கிறேன், முதலில் தலித் கட்சிகளிடமும் இடதுசாரிகளிடமும்.

ஒன்று, உறுப்பினர் சேர்க்கையை வாக்காளர் பட்டியலிலிருந்து பிரியுங்கள். ஹாஸ்டல் ஒரு கிளை, கம்பெனி பஸ் ரூட் ஒரு கிளை, ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட் ஒரு கிளை. லைனில் நிற்கும் பெண்ணும் பாத்ரூம் கழுவும் அம்மாவும் ஒரே கிளையில் உட்காரட்டும்.

இரண்டு, பெண்கள் அமைப்பின் தலைமையை அதன் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். கட்சியின் முடிவு தங்களுக்கு எதிராக இருந்தால் எதிர்த்துத் தீர்மானம் போடும் உரிமை எழுத்தில் இருக்கட்டும்.

மூன்று, தனித்தொகுதி வேட்பாளர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். டெல்லியில் 2023இல் நிறைவேறிய மகளிர் இட ஒதுக்கீட்டுச் சட்டம், கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று தானே தள்ளிப்போட்டுக்கொண்ட சட்டம். நம் கட்சி நம் வேட்பாளரை அறிவிக்க எந்த மறுவரையறை தேவை?

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நெடுஞ்சாலையில் இத்தனை பெண்கள் உட்காருவார்கள் என்று 2021 டிசம்பர் 16ஆம் தேதி கேட்டிருந்தாலும் நடக்காது என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அவர்கள் அணி கேட்டு வரவில்லை. அடுத்த முறையும் கேட்கப்போவதில்லை. அப்போது நம் கட்சிகள் எங்கே நிற்கப்போகின்றன என்பதுதான் கேள்வி: ரோட்டில் அவர்களோடா, ஆட்சியரோடு சமாதானம் பேச வந்த காரிலா?